பொட்டோசி மலைக் குளங்கள்

தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில், ஏறக்குறைய 4,000 மீற்றர் உயரத்தில், பொட்டோசி என்னும் பழைய வெள்ளிச் சுரங்க நகர் உள்ளது. அங்கு மழை சில மாதங்களே பெய்யும். வெள்ளிக் கல்லை இடித்துத் தூளாக்கும் ஆலைச் சக்கரங்களுக்கோ ஆண்டு முழுவதும் நீர் தேவைப்பட்டது. எனவே 1570களில் ஸ்பானிய ஆட்சியாளர் அருகிலுள்ள கரி கரி மலைகளிற் குளங்கள் கட்டத் தொடங்கினர்.

இதனைப் பெரும் சாதனை என்று புகழ்கின்றார்கள். சாதனைதான்; குளக்கட்டின் அருமை அறிந்த கமக்காரர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் மண் சுமந்தவர் யார்? 'மீத்தா' என்னும் கட்டாய ஊழியத்திற்காக ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்ட மலைநாட்டுக் கமக்காரரே. ஆண்டுதோறும் ஏழு ஆண்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. பெண்சாதி பிள்ளைகளும் கூடவே நடந்தனர். பலர் திரும்பவேயில்லை. அவர்கள் விட்டுவந்த வயல்கள் என்னவாயின என்று புகழ்பவர்கள் கேட்பதில்லை. இடம்பெயர்ந்த நாமாவது கேட்போம்.

1626 மார்ச் 15ஆம் திகதி சான் இல்தெபொன்சோ குளம் உடைப்பெடுத்தது. ஆலைகளும் வீடுகளும் அள்ளுண்டு போயின; பெருந்தொகையானோர் மாண்டனர். குளத்தின் கீழே குடியிருந்தவர்களுக்குத் துருசைத் திறக்கவோ பூட்டவோ, கட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவோ அதிகாரம் இருக்கவில்லை. எமது மீள்குடியேற்றக் கிராமங்களிற் குளம் திருத்த வருவோரிடம், எத்தனை ஏக்கர் பாயும் என்பதற்கு முன்பே, துருசு யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்க வேண்டும் என்பது எனது கருத்து.

பொட்டோசி மக்களின் குடிநீரில் ஒரு பங்கு இன்றும் கரி கரிக் குளங்களிலிருந்தே வருகின்றது.