டிசி இல்லாத சரக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெட்டி போல்ட் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றாலும் டிசி, அதாவது டெலிவரி சலான், வேண்டும். இறக்குகிற இடத்தில் எண்ணிப் பார்ப்பார்கள். ரெண்டு குறைந்தால் டிசியிலேயே ‘ரெண்டு ஷார்ட்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி அனுப்புவார்கள். என் வீட்டு ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து உள்ரூமில் இருக்கிற லேப்டாப்புக்கு ஆயிரக்கணக்கில் ஃபைல் போகிறது. எது போய்ச் சேர்ந்தது, எது வழியில் நின்றது என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. ‘அன்ஸ்பெசிஃபைட் எரர்’ என்று ஒரு வரி வரும். பிழைதானாம், ஆனால் என்ன பிழை என்று சொல்ல மாட்டார்களாம்.

நான் வீட்டிலிருந்தே லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங் யூனிட் என்று சின்னச் சின்ன இடங்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். கவரைப்பேட்டையிலிருந்து திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட் வரை ஆட்கள் உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. பில் ஸ்கேன், ஜாப் ஒர்க் சலான், வாட்ஸ்அப்பில் கோணலாக எடுத்து அனுப்பிய போட்டோ எல்லாம் வருஷக்கணக்கில் அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் சேர்ந்து கிடக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது. பழைய பெட்டியில் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இல்லை, அதனால் விண்டோஸ் 11 ஏறாது. புது லேப்டாப் வாங்கியாயிற்று. சரக்கை மாற்ற வேண்டியதுதானே பாக்கி என்று நினைத்தேன்.

முதலில் கதவே திறக்கவில்லை. விண்டோஸ் 7 காலத்தில் ஹோம்குரூப் என்று ஒன்று இருந்தது. ஒரு பாஸ்வேர்டைப் போட்டால் வீட்டிலுள்ள கம்ப்யூட்டரெல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். 2018இல் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் தட்டித் திறக்கிற நாலு இலக்க பின் நெட்வொர்க்கில் செல்லாது. கணக்குத் தொடங்கியபோது வைத்த பாஸ்வேர்டுதான் வேண்டுமாம். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நாத்தனார் மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன் போட்டேன்.

“எரர் கோடு சொல்லுங்க அத்தை.”

“சைபர், எக்ஸ், எட்டு, சைபர், சைபர், ஏழு…”

“கடைசி ரெண்டு நம்பர் மட்டும் போதும்.”

“முப்பத்தஞ்சு.”

“அது பதினாறாம் அடிமானம் அத்தை. நம்ம கணக்குல அம்பத்திமூணு. நெட்வொர்க் பாதை கிடைக்கலன்னு அர்த்தம்.”

கிடைக்கவில்லை என்று நேராகச் சொல்ல முடியாதா? ஐம்பத்து மூன்றை முப்பத்தைந்தாக்கி, முன்னால் எட்டும் ஏழும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

கெடுபிடிக்குக் காரணமில்லை என்று சொல்லவில்லை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்கிற கம்ப்யூட்டர் புழு வந்தபோது, எஸ்எம்பி 1 என்கிற பழைய ஃபைல் பகிர்வு முறையிலிருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் திணறின. நம்ம ஒரகடத்து ரெனோ-நிசான் தொழிற்சாலை வரை அடி விழுந்தது. அந்த வருஷக் கடைசியிலிருந்து புது விண்டோஸில் எஸ்எம்பி 1ஐ மூடியே தருகிறார்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பின் புரோ வகை, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பையும் ஏற்பதில்லை. நல்லதுதான், பூட்டுங்கள். பூட்டியிருக்கிறது என்று கதவில் எழுதி வைக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

ஒரு வழியாக உள்ளே போய் காப்பி கொடுத்தால் அது நகர மாட்டேன் என்கிறது. நாலு ஜிபி கல்யாண வீடியோ விறுவிறுவென்று போய்விடும். அதே நாலு ஜிபி ஆயிரமாயிரம் பில்லாக இருந்தால் பொழுது விடிந்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகப் பெயர் பதிந்து, அனுமதி பார்த்து, எழுதி, தேதி போட்டு, மூட வேண்டும். நடுவில் ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கும். இது போதாதென்று கேபிள். எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால்தான் ஜிகாபிட். கிரிம்ப் செய்ததில் ஒன்று விட்டுப்போனால் சத்தமில்லாமல் நூறு மெகாபிட்டுக்கு, அதாவது பத்தில் ஒரு பங்குக்கு, இறங்கிவிடும். இறங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

அப்புறம் கரண்ட். உருக்காலையும் ரோலிங் மில்லும் உள்ள ஊர். ஒரு நொடி விளக்கு கண் சிமிட்டும், அவ்வளவுதான். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் உண்டு, லேப்டாப்பில் பேட்டரி உண்டு. ரவுட்டருக்கு எதுவுமில்லை. அது அணைந்து, எழுந்து, பச்சை விளக்கு எரிவதற்குள் காப்பி அறுந்துபோயிருக்கும். கம்ப்யூட்டர் ரெண்டுக்கும் காவல் போட்டுவிட்டு நடுவில் நிற்கிறவனை விட்டுவிடுகிறோம். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடையில் விற்கிறது. அதை முதலில் வாங்குங்கள்.

பெயர்ச் சிக்கல் தனிக் கதை. ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், சாய்கோடு போடலாம். விண்டோஸ் ஃபைல் பெயரில் சாய்கோடு ஆகாது. பாதையின் நீளமோ மொத்தம் 260 எழுத்து. டெஸ்க்டாப்பில் டி டிரைவிலேயே இருந்தவரை அடங்கிய பெயர், லேப்டாப்பில் ‘டாக்குமென்ட்ஸ்’, அதற்குள் ‘பழைய கம்ப்யூட்டர்’, அதற்குள் ‘பார்ட்டி வாரியாக’ என்று போனதும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. தளர்த்த 2016லேயே வழி வந்தது. ஆனால் அதற்கு ரெஜிஸ்ட்ரிக்குள் கை வைக்க வேண்டும், காப்பி செய்கிற புரோகிராமும் ஒத்துழைக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்குக் கூடுதல் சன்மானம். ‘கொள்முதல்’ என்று ஒரே பெயரில் ரெண்டு ஃபோல்டர் அடுத்தடுத்து நின்றதைப் பார்த்து என் கண்ணையே சந்தேகப்பட்டேன். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் பதியலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாமாம். பார்க்க ஒன்றுதான், விண்டோஸுக்கு ரெண்டு.

இத்தனையையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, ராத்திரி காப்பி போட்டுவிட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஏதோ ஒரு ஃபைலுக்கு ‘ட்ரை அகெய்ன், ஸ்கிப், கேன்சல்’ என்று கேட்டுவிட்டு விடியவிடிய நிற்பதுதான். சரி, எல்லாவற்றுக்கும் ஸ்கிப் என்று டிக் போட்டால் முடித்துவிட்டு ஜன்னலை மூடிவிடும். எதையெல்லாம் விட்டது? பட்டியல் கிடையாது. இதில் காப்பிக்குப் பதில் கட் கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாதி அங்கே, பாதி இங்கே.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பட்டியல் போடத் தெரிந்த ஆள் அதே விண்டோஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். ரோபோகாப்பி என்று பெயர். விஸ்டா காலத்திலிருந்து கூடவே வருகிறது. மொத்தம் எத்தனை, போனது எத்தனை, தோற்றது எத்தனை என்று கடைசியில் கணக்குக் கொடுக்கும். லாக் கேட்டால் ஃபைல் வாரியாக எழுதி வைக்கும். அறுந்தால் மறுபடி ஓட்டலாம். போனதை விட்டுவிட்டுப் போகாததை மட்டும் எடுக்கும். ஆனால் அவனைக் கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவனுக்கும் ஒரு வியாதி உண்டு. நாமாக எதுவும் சொல்லாவிட்டால், திறக்க முடியாத ஒரு ஃபைலுக்கு 30 நொடி விட்டுவிட்டுப் பத்து லட்சம் தடவை முயற்சி செய்வான். வேறு புரோகிராம் பூட்டி வைத்திருக்கிற ஃபைல் ஒன்று இருந்தால் போதும், பெருக்கிப் பாருங்கள், 347 நாள் வருகிறது. மறுமுயற்சி ரெண்டு, காத்திருப்பு அஞ்சு நொடி என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பத்து லட்சம் தடவை முயற்சி செய்யத் தெம்பிருக்கிற மெஷினுக்கு, முடிந்ததும் ‘இத்தனை ஷார்ட், இன்ன காரணம்’ என்று ஒரு தாள் நீட்ட முடியாதா? கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அதை முப்பது பக்க நோட்டிலும் ஒரு பால்பாயின்ட் பேனாவிலும் செய்கிறார். 11ஆம் தேதி பட்டறைக்காரர் போன் போட்டு, “அக்கா, நம்ம பில்லு எல்லாம் இருக்குல்ல?” என்று கேட்டால், ‘அன்ஸ்பெசிஃபைட்’ என்று நான் சொல்ல முடியுமா?