ஒபுச்சி: ஆரவாரமில்லா அரசியலின் பலமும் பலவீனமும்

'ஆறிப்போன பீட்சா' - 1998 ஜூலையில் ஜப்பான் பிரதமரான கெய்சோ ஒபுச்சிக்குக் கிடைத்த வர்ணனை இது. அவரோ செய்தியாளர்களுக்குச் சூடான பீட்சா வழங்கிச் சிரித்தே சமாளித்தார்.

தந்தையின் வழியில் 1963-ல், 26 வயதில் குன்மா மாநிலத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் ஒபுச்சி. பல உறுப்பினர்களைத் தேர்வு செய்த அத்தொகுதியில் டகேயோ ஃபுகுடா, யசுஹிரோ நகசோனே ஆகிய பெருந்தலைவர்களும் போட்டியிட்டனர். அவர்களின் நிழலில் ஓசையின்றி ஆதரவு திரட்டவே அவர் பழகினார்.

1998 மே மாத பொக்ரான் சோதனையையடுத்து இந்தியாவுக்கான புதிய கடனுதவியை ஜப்பான் நிறுத்தியபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அவரே. பிரதமரானபோது மேலவையில் பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சியின் யோசனைகளை ஏற்றே வங்கிச் சீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றினார். 1999-ல் லிபரல், கொமெய்தோ கட்சிகளைக் கூட்டணியில் சேர்த்தார்.

2000 ஏப்ரல் 2-ல் அவர் பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏறக்குறைய 22 மணி நேரம் இச்செய்தி மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதற்குள் யோஷிரோ மோரி உள்பட ஆளும் கட்சித் தலைவர்கள் ஐவர் மூடிய அறையில் கூடினர். அடுத்த பிரதமராக முடிவானவர் மோரி. நாடாளுமன்றம் ஏப்ரல் 5-ல்தான் வாக்களித்தது. மே 14-ல் ஒபுச்சி காலமானார்.

எதிர்க்கட்சிகளுடன் பேசி முடிவெடுத்தவரை அமைதியான அணுகுமுறை ஒபுச்சிக்குப் பலமாக இருந்தது. அதுவே பிரதமரை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கும் முறையானபோது, மக்களின் சந்தேகத்துக்கு ஆளானது. மோரியின் செல்வாக்கு சரிந்தது. 2001 ஏப்ரலில் அவரும் விலக நேர்ந்தது.