சிலைக்கு மாலை, நூலுக்குத் தூசி

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஏலாக்குறிச்சிக்கு வழி சொல்வார்கள். அங்கே வாழ்ந்த பெஸ்கி பாதிரியாரை வீரமாமுனிவர் என்று நம்மவராகவே ஆக்கிக்கொண்டோம். அவருடைய பரமார்த்த குருவின் கதையைப் படித்துச் சிரித்திருக்கிறோம். படித்ததனால் வந்த உறவு அது.

பிஷப் கால்டுவெல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருக்குக் கிடைத்தது 1968-இல் சென்னைக் கடற்கரையில் ஒரு சிலை. பிறந்த நாளுக்கு ஒரு மாலை. மேடைதோறும் ஒரே பல்லவி: அயல்நாட்டார் வந்து நம் தமிழை வளர்த்தாராம்!

இந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் தமிழ் பேசினாலே நமக்கு மெய்சிலிர்த்துவிடுகிறது. என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அயர்லாந்தில் 1814-இல் பிறந்தவர். 1838-இல் சென்னைக்கு வந்தவர். 1841-இல் கால்நடையாகவே தெற்கே போய் இடையன்குடியில் நிலைகொண்டவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. பிஷப் பட்டம் வந்தது 1877-இல்தான். ஆக, அந்த நூலை எழுதியவர் பிஷப் அல்லர். பனங்காட்டு ஊர் ஒன்றின் பாதிரியார்.

தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் கண்டவர் அவரே என்கிறார்கள். அதுவும் சரியில்லை. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லீஸ் துரை 1816-லேயே அதைச் சொல்லிவிட்டார். கால்டுவெல் செய்தது அதைவிடப் பெரிய காரியம். ஒலி, வேற்றுமை, எண், வினை என்று ஒவ்வொன்றாக எடுத்து, மொழிக்கு மொழி ஒப்பிட்டு நிறுவினார். இதைச் சொல்ல நூலைத் திறக்க வேண்டுமே!

இன்னொன்று. 1849-இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தம்மை நம்பி வந்த மக்களையே இழித்துரைத்த நூல். அவர்கள் பின்னாளில் கொதித்தெழுந்தார்கள். அது நியாயமான கோபம். மாலை போடுகிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. திட்டுகிறவர்களோ இதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. இரு தரப்பாரும் அவரைப் படிக்கவில்லை என்பதே என் வழக்கு.

ஒரு மொழியின் பெருமையை உலகுக்கு நிறுவிய அதே கை, அம்மொழி பேசும் ஏழைகளைத் தாழ்த்தியும் எழுதியிருக்கிறது. நாவல் படிக்கும் உங்களுக்கு இது விளங்காததா? கதாநாயகனிடம் குறை இருந்தால் பாத்திரம் உயிரோடிருக்கிறது என்று பாராட்டுகிறீர்கள். உண்மையில் வாழ்ந்த மனிதரிடம் மட்டும் ஏன் குறையற்ற கல்லைத் தேடுகிறீர்கள்?

உங்கள் ஊர் நூலகத்தில் ஒப்பிலக்கணத்தைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நூலகரோடு சண்டை போடுங்கள். கிடைத்தால் படித்துவிட்டுக் கால்டுவெல்லோடு சண்டை போடுங்கள். மாலையைவிட அது மேலான மரியாதை.