விடுக்கப்பட்ட எச்சரிக்கை யாரை அடைந்தது?

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. கரையோர ஊர்களில் பயிர்கள் மூழ்கின. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்று அரசு பதிலளித்தது. விவாதம் கட்சிச் சண்டையாகச் சுருங்கி ஓய்ந்தது. மொழியியல் பயின்றவர்கள் அதை அத்துடன் விட்டுவிடுவதற்கில்லை.

ஏனெனில், இரு தரப்பும் ஒரே நேரத்தில் உண்மை பேசியிருக்கக் கூடும். விடுத்தவர் விடுத்திருக்கலாம், கரையில் இருந்தவருக்கு அது எச்சரிக்கையாக எட்டாமல் போயிருக்கலாம். பேச்சுச் செயல் கோட்பாட்டை வகுத்த ஜே. எல். ஆஸ்டின், கேட்பவர் செவியுற்று, உரிய பொருளில் விளங்கிக்கொண்டால் ஒழிய ஒருவரை எச்சரித்ததாகவே சொல்ல முடியாது என்றார். முதுகலை வகுப்பில் தேர்வுக்காக நாம் படிக்கும் இக்கருத்து, ஆற்றங்கரையில் உயிர் பற்றியது. “எச்சரிக்கை விடுக்கப்பட்டது” என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் எச்சரித்தவரும் இல்லை, எச்சரிக்கப்பட்டவரும் இல்லை. கோப்பில் பதிய அது போதும். கரையில் உறங்குபவரை எழுப்பப் போதாது.

வானிலை அறிக்கையின் சொற்களையே எடுத்துக்கொள்வோம். கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்பன அதன் படிநிலைகள். “மிக” தமிழ் அடை. “அதி” வடமொழி முன்னொட்டு. இரண்டில் எது பெரிது என்பதைத் தமிழ் பேசுபவர் எவரும் தம் மொழியறிவைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. அட்டவணையைப் பார்த்தவருக்கே அது தெரியும். அந்த அட்டவணையும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெய்தாலும் “அதி கனமழை”தான். ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையில் பதிவான மழை 50 செ.மீ. அங்கே வாகனங்களையே வெள்ளம் அடித்துச் சென்றது. 21 செ.மீ.க்கும் 50 செ.மீ.க்கும் ஒரே பெயர்.

“ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை” என்பது இன்னொரு தொடர். வானிலைத் துறையின் கணக்கில் அது ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை குறிக்கும். பேச்சுத் தமிழில் ஓரிரு என்றால் ஒன்றோ இரண்டோ. “நம்மூராக இருக்காது” என்பதே அதைக் கேட்கும் உழவர் கொள்ளும் பொருள். அவர் வயலுக்குப் போகிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர்.

“மக்களிடம் விழிப்புணர்வு இல்லை” என்று கருத்தரங்குகளில் ஓயாமல் சொல்லப்படுகிறது. இது பழியைக் கேட்பவர் தலையில் சுமத்தும் வசதியான வாக்கியம். “1.68 லட்சம் கன அடி” என்ற எண்ணைக் கேட்டு, தம் வாசலில் நீர் முழங்கால் வரை வருமா, கழுத்து வரை வருமா என்று நம் பேராசிரியர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

அணையைக் காக்க நீரைத் திறந்தே ஆகவேண்டிய தருணம் உண்டு. அந்தப் பொறியியல் முடிவை நான் இங்கே எதிர்க்கவில்லை. நல்ல வாக்கியம் வெள்ளத்தை நிறுத்தாது என்பதும் உண்மையே. ஆனால் அது கறவை மாட்டை அவிழ்த்துவிட, முதியவரை மேட்டுக்கு அழைத்துச் செல்ல ஒரு மணி நேரம் பெற்றுத்தரும்.

2022இல் தமிழக அரசு தண்டோரா முறையை நிறுத்தச் சொன்னது. சாதி இழிவைச் சுமந்த அந்த வழக்கம் ஒழிய வேண்டியதே. அதை மீட்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், ஊரார் மொழியில் தெருத்தெருவாகச் செய்தி சொல்லி, “எப்போ? எவ்வளவு?” என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதக் குரலின் இடத்தை, கைபேசிக்கு வரும் வார்ப்புக் குறுஞ்செய்தி நிரப்பவில்லை.

இதை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து எழுதுகிறேன். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. ஆற்றின் மேற்பகுதியில் வாழும் நமக்கு அதன் கீழ்ப்பகுதி அயலூர் அன்று. இங்கே மொழித் தொழில்நுட்பம் பேசுவோர், ஆங்கில அறிக்கையை நொடியில் தமிழாக்கும் செயலியே தீர்வு என்கிறார்கள். விளங்காத அறிக்கையை விரைவாக மொழிபெயர்த்தால், விளங்காத தமிழ் விரைவாகக் கிடைக்கும்.

வேண்டுவது நான்கு செய்திகள்: எந்த ஊர், எத்தனை மணிக்கு, எந்த அடையாளம் வரை நீர் வரும், எங்கே போகவேண்டும். கோயில் படி, பள்ளிச் சுவர், பாலத்தின் தூண் என்று அந்தந்த ஊரின் அடையாளங்களால் அவை சொல்லப்பட வேண்டும். நீர் வந்துசேரும் நேரத்தைப் பொறியாளர்கள் கணக்கிட்டுத் தரட்டும். அதைச் சொல்லும் வாக்கியத்தை எழுதி, கரையோர மக்களிடம் படித்துக்காட்டி, என்ன விளங்கியது என்று கேட்டுத் திருத்துவது நம் வேலை. தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரே ஓர் ஆற்றுக்காவது இதைச் செய்யட்டும். தென்பெண்ணையிலிருந்து தொடங்கலாம்.