கிண்ணமும் மன அமைதியும்

கொஞ்ச காலமாய் நமது நாட்டில் "பாடும் கிண்ணம்" என்கின்ற ஒரு வெண்கலக் கிண்ணம் பெரிய விளம்பரத்தோடு விற்கப்பட்டு வருகின்றது. அதைத் தட்டினாலும், விளிம்பில் ஒரு கட்டையை வைத்துச் சுற்றித் தேய்த்தாலும் நெடுநேரம் நின்று ஒலிக்கும். இந்த ஒலி உடம்பிலுள்ள ஏழு சக்கரங்களைத் திறக்குமென்றும், ஏழு கிரகங்களுக்குரிய ஏழு உலோகங்கள் அதில் கலந்திருக்கின்றனவென்றும், இது திபெத்து லாமாக்களின் பழம்பெரும் இரகசியமென்றும் சொல்லி, கிண்ணத்திற்கு ஒரு விலையும், இரகசியத்திற்கு அதைவிடப் பெரிய விலையும் வாங்குகிறார்கள்.

ஏழு உலோகம் என்பதைச் சோதித்துப் பார்த்தால் செம்பும் வெள்ளீயமும்தான் பெரும்பாலும் அகப்படுகின்றன. சுமார் 78க்கு 22 என்கின்ற, மணி வார்க்கும் வெண்கலந்தான் அது. நம் பாட்டிமார் சோறு வடித்த வெண்கலப் பானைக்கும் இதற்கும் ஜாதியில் யாதொரு பேதமும் இல்லை. லாமாக்கள் சங்கதியும் இப்படியே. சீனாவிலும் ஜப்பானிலும் கோவில்களில் கிண்ணத்தைத் தட்டுவது பழைய வழக்கம். திபெத்தில் தேய்த்துப் பாட வைத்ததற்கோ தக்க பழைய சாட்சியம் அகப்படவில்லை. 1972இல் ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்கின்ற இரு மேல்நாட்டார் வெளியிட்ட இசைத்தட்டிற்குப் பிறகே இதன் கீர்த்தி உலகில் பரவிற்று.

ஒலிக்குக் காரணம் என்னவென்றால், கட்டை விளிம்பைப் பற்றுவதும் வழுக்குவதுமாய் மாறி மாறி உரசுவதுதான். பிடில் வில் தந்தியில் செய்கிற வேலையும் அதுவே. விளிம்பு சுற்றிலும் ஒரே கனமாயிராததால் நெருங்கிய இரண்டு சுருதிகள் கலந்து, ஒலி அலையலையாய் எழும்பித் தணிகிறது. 2011இல் டெர்வாக்னே, புஷ் என்கின்ற விஞ்ஞானிகள் இக்கிண்ணத்தில் நீர் ஊற்றி ஆராய்ந்தார்கள். துளிகள் துள்ளினவேயொழிய, கிரகம் எதுவும் இறங்கி வரவில்லை.

அப்படியானால் பயனே இல்லையா என்று கேட்கலாம். 2017இல் அச்சில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 62 பேரைப் படுக்க வைத்து இவ்வொலியைக் கேட்கச் செய்ததில், மனப் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். கிண்ணமின்றிச் சும்மா படுத்திருந்த வேறொரு கூட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படுத்தவனுக்குக் கொஞ்சம் நிம்மதி வருவது அதிசயமா? ஆனாலும், ஒருவர் தினம் பத்து நிமிஷம் ஒலி அடங்கும்வரை கவனித்துக் கேட்டு, மனம் ஓடினால் மறுபடி இழுத்து வந்து உட்கார்ந்தால் நன்மையே. 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்கு இப்பழக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கியபோது மூச்சைக் கவனிப்பதே முக்கியப் பாடமாயிருந்தது. மூச்சுக்கு யாரும் விலை கேட்பதில்லை.

நமது கவலை வேறு. 1960இல் ஆந்திரத்திலிருந்து நம் இராஜ்யத்தோடு சேர்ந்த பள்ளிப்பட்டு வட்டாரத்தைப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற அந்த ஊர்ப்பக்கத்தில், பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. தறிக் கொட்டகைகளில் சத்தத்தை அளந்து பார்த்தவர்கள் 90 டெசிபலுக்கு மேல் கண்டிருக்கிறார்கள். குடியிருப்புகளில் பகலில் 55க்கு மேல் கூடாது என்று 2000ஆம் வருஷத்துச் சர்க்கார் விதி சொல்லுகிறது. தறியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டில் குழந்தை எந்த விதியைக் கேட்டுக்கொண்டு தூங்கும்? வாங்கிய முன்பணத்திற்காக இரவு பகலாய்த் தறியடியில் நிற்பவனிடம் போய், "ஐயா, கிண்ணத்தின் ஓசையில் மனதை நிறுத்தும்" என்று உபதேசித்தால், அவன் காதில் அந்த ஓசை விழப்போவதுமில்லை. வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில் நின்றவர்களின் செவியே மந்தமாகிவிடுகிறது.

அவனுக்கு வேண்டியது காதடைப்பானும், தறிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு சுவரும், எட்டு மணி வேலைக்கே வயிறு நிறையும் கூலியும், செவியைச் சோதிக்க ஒரு வைத்தியருமேயாகும். இவை கிடைத்த பிறகு அவன் ஒரு கிண்ணமும் வாங்கினால் நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. விலையை மாத்திரம் முதலில் பாத்திரக் கடையில் விசாரித்துக்கொள்ளட்டும்.