இன்வெர்ட்டருக்கு எத்தனை ஏ.ஹெச்.?

2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். மழைக்கால மின்தடைக்காக லித்தியம் பேட்டரி வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கு. 75 வாட் மின்விசிறி இரண்டு, 10 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, மொத்தம் 180 வாட். நான்கு மணி நேரத்துக்கு 720 வாட்-ஹவர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் 80 சதவீதம் வரைதான் செலவழிப்பது என்றால் 1,125 வேண்டும். 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பது 1,280; தாராளமாகப் போதும். வீட்டுப் பெரியவருக்கு ஆக்சிஜன் கருவி ஓடுகிறதா? அதன் வாட்டையும் கூட்டி, பெரிய பேட்டரியாகப் பாருங்கள். பழைய இன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். தரைத்தளத்து வீடென்றால், தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள்.