இருதயத்துக்குச் சோறு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், சென்ற ஏகாதசியன்று ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர் உபவாசம், ஆயினும் தறியில் அமர்ந்து நாடா ஓட்டிக்கொண்டிருந்தார். "தாத்தா பட்டினி. அவர் இருதயத்துக்கு யார் ஸார் சோறு போடுகிறார்கள்?" என்றான் பேரன், என் மாணாக்கன்.

நல்ல கேள்வி! உபவாசத்தில் சரீரத்தின் சேமிப்புக் கொழுப்பு கரைந்து, கொழுப்பமிலங்களாகவும் கிளிஸரினாகவும் பிரிகிறது. சவர்க்காரம் காய்ச்சுகையில் பிரியுமே, அதே தித்திப்புத் திரவந்தான். இருதயத்தின் பிரதான ஆகாரம் கொழுப்பமிலம். கிளிஸரினோ ஈரலுக்குப் போய்ச் சர்க்கரையாகும் என்றே பாடம் நடத்தி வந்தோம்.

2009-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வேறு விதமாகக் கண்டனர். இருதயத்தின் ஜீவ அணுக்களில் 'அக்குவாபோரின் 7' என்றொரு நுண்ணிய வாயில் உண்டு. அதன் வழியே கிளிஸரின் புகுந்து எரிபொருளாகிறது. அவ்வாயில் அற்ற சுண்டெலிகள் சாதாரணமாக நன்றாகவே இருந்தன. இருதயத்தின் மேல் சுமையை ஏற்றியதும் அதிகமாக மாண்டன. (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக் கிளிஸரினைக் குடித்துவிட வேண்டாம்!)

"தாத்தாவின் கொழுப்புதான் சோறு போடுகிறது" என்றேன்.

பையன் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தான். "அவருக்குக் கொழுப்பே கிடையாதே, ஸார்!"